மகனை என்ஜின் அறைக்கு அனுப்பலாமா? ஒரு தாயாருக்கு எழுதிய பதில்

அக்கா,

நீங்கள் கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். மகன் பக்கத்தில் இருந்ததால் சொல்லவில்லை. கப்பல் என்ஜின் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறான், விடலாமா என்று கேட்டீர்கள். கேட்ட கையோடு நியூ டயமண்ட் கப்பலையும் இழுத்தீர்கள். இலங்கையின் கிழக்கில் இருக்கிற யாருக்கு அது மறக்கும்? 2020 செப்டம்பர் 3ஆம் திகதி, சங்கமன்கண்டிக் கரைக்கு அப்பால் கடலில், சுமார் 270,000 தொன் மசகு எண்ணெயோடு, அதாவது சுத்திகரிக்காத கச்சா எண்ணெயோடு, போன கப்பல் தீப்பிடித்தது. 23 பேரில் ஒருவர் உயிரிழந்தார். தீ தொடங்கியது என்ஜின் அறையில். பொயிலர், அதாவது நீராவிக் கொதிகலன், வெடித்ததாகத்தான் அப்போது செய்தி வந்தது. சரக்கு எண்ணெய் எரியாமல் தப்பியது எங்கள் கரையின் அதிர்ஷ்டம்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அது கொஞ்சம் இடம் மாறி நிற்கிறது. மூன்று மாடி உயரத்துக்கு நிற்கிற பிரதான என்ஜினை நினைத்துப் பயப்படுகிறீர்கள். புதிதாகப் போகிற பையனின் கை அதில் அதிகம் படாது. அவன் நாள் முழுக்கப் புழங்கப் போவது துணை இயந்திரங்களோடு: ஜெனரேட்டர், பொயிலர், காற்றுக் கொம்பிரசர், எண்ணெய் சுத்திகரிக்கிற பியூரிபையர், பம்புகள், குளிரூட்டி, சுக்கானைத் திருப்புகிற ஸ்டியரிங் கியர். சின்னது, தினமும் பார்த்துப் பழகியது என்று நினைத்துக் கை வைக்கிற இடத்தில்தான் ஆளுக்கு அடிபடுகிறது.

பியூரிபையரை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கப்பல் எரிக்கிற கனத்த எண்ணெய் தார் மாதிரி. அதைக் கிட்டத்தட்ட 98 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை சுழல்கிற ஒரு கிண்ணத்துக்குள் விடுவார்கள். தண்ணீரும் கசடும் வெளியே ஒதுங்கும், நல்ல எண்ணெய் நடுவால் வரும். மோர் கடைகிற மாதிரித்தான், வேகம்தான் வேறு. சுத்தம் செய்ய நிறுத்தினால் கிண்ணம் உடனே நிற்காது. சுவிட்சை அணைத்துப் பல நிமிடம் கழித்தும் உள்ளே சுழன்றுகொண்டிருக்கும். சத்தம் குறைந்துவிட்டது என்று மூடியைக் கழற்றப் போகிறவனுக்குக் கை இருக்காது. முழுக்க நின்றதைக் கண்ணால் பார்க்க வேண்டும். எண்ணெய் வால்வையும் சூட்டையும் அடைக்க வேண்டும், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், 'வேலை நடக்கிறது, இயக்காதே' என்ற அட்டையைத் தொங்கவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். பல வகைகளில் உள்ளே இருக்கிற பூட்டு வளையம் இடப்புரி, வழமைக்கு எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழரும். தெரியாதவன் பலம் கொண்ட மட்டும் இறுக்கிக்கொண்டே இருப்பான். திருப்பிப் பூட்டும்போது அடையாளக் கோடுகள் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். பக்கத்து இயந்திரத்தின் பாகம் ஒன்றை எடுத்து இதில் போட்டால் சமநிலை போய்விடும், அந்த வேகத்தில் அது ஆளைக் கொல்லும்.

மற்றவையும் இந்த மாதிரித்தான். பொயிலரில் நெருப்புப் பிடிக்கவில்லை என்றால் உள்ளே தேங்கிய எண்ணெய் ஆவியைக் காற்றால் வெளியேற்றாமல் திரும்பப் பற்றவைக்கக் கூடாது. அவசரத்தில் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்களின் முகத்தில் நெருப்பு வந்து அடித்திருக்கிறது. என்ஜினைக் கிளப்பும் காற்று 30 பார் அழுத்தத்தில், அதாவது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல சுமார் 30 மடங்கில், காற்றுச் சிலிண்டரில் அடைபட்டிருக்கும். அதில் சேருகிற தண்ணீரையும் எண்ணெயையும் தவறாமல் வடிக்க வேண்டும். காற்றுக் குழாயில் எண்ணெய் படிந்தால் குழாயே வெடிக்கலாம். காலியான தாங்கிக்குள் ஒட்சிசன் அளக்காமல் இறங்கக் கூடாது. இறங்கி விழுந்தவனைக் காப்பாற்ற அப்படியே குதிப்பதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. கிணற்றில் விஷவாயு தாக்கி ஒருவர் பின் ஒருவராகப் போன செய்திகளை நீங்களும் வாசித்திருப்பீர்கள்.

இனி உங்கள் மகன். அன்றைக்கு என் அலுவலகத்தில் கரண்ட் போனது ஞாபகமா? சின்ன ஜெனரேட்டரைக் கிளப்பித் தரட்டுமா என்று அவனாகவே எழும்பினான். கயிற்றை இழுக்க முதல் ஒயில் மட்டம் பார்க்கிற குச்சியை உருவினான், துணியால் துடைத்துத் திரும்ப விட்டுப் பார்த்தான். நானும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது தடவை விட்டுப் பார்க்கிற பிள்ளை எனக்குப் பிடிக்கும். அப்புறம் மழை தூறுகிறது என்று ஜெனரேட்டரைக் கதவு மூடிய விறாந்தைக்குள் இழுத்தான். அங்கேதான் நிறுத்தினேன். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மொனொக்சைட்டு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கை நல்ல கை, அக்கா. கையை வைக்க முதல் சுற்றிப் பார்க்கிற பழக்கம் இன்னும் வரவில்லை. அது பழக்கலாம். பொறுமை இல்லாத பிள்ளையாக இருந்தால்தான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

உயர்தரத்தில் கணிதம் எத்தனை புள்ளி என்பதைவிட எனக்குக் கவலை அவனுடைய ஆங்கிலம். சீனக்குடாவில் பிரிமா மாவு ஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பலை எடுத்தாலும் சரி, சீமெந்து செய்கிற கிளிங்கர் இறக்குகிற கப்பலை எடுத்தாலும் சரி, பல நாட்டுக்காரர் ஒன்றாக நிற்பார்கள். என்ஜின் அறையின் பேச்சு ஆங்கிலம்தான், அதுவும் காதடைக்கிற சத்தத்துக்குள். 'ஸ்டார்ட்' என்றதும் 'ஸ்டாப்' என்றதும் ரேடியோவில் ஒரே மாதிரிக் கேட்கும். கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்தாமல் வால்வைத் தொடக் கூடாது. இன்னொரு டியூசனுக்குக் கட்டுகிற காசை ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குக் கட்டுங்கள்.

வழி இரண்டு. கடெட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து பொறியியலாளர் ஆவது ஒன்று; அதற்குச் செலவும் அதிகம், கேட்கிற தகுதியும் அதிகம். ரேட்டிங்காக, அதாவது அதிகாரி அல்லாத ஊழியராக, என்ஜின் அறையைத் துடைத்துச் சுத்தம் செய்கிற வைப்பராகத் தொடங்குவது மற்றது. அதில் இருந்தும் ஏறலாம். எஸ்.டி.சி.டபிள்யூ என்கிற, மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்குமான சர்வதேச விதிப்படி பட்டறைப் பயிற்சியும் கடற்சேவையுமாக 36 மாதம், அதில் குறைந்தது 30 மாதம் என்ஜின் பகுதியில் இருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் பரீட்சையும் முடித்து அதிகாரி ஆகும் கதவு திறந்திருக்கிறது. எந்த வழியானாலும் உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி அடங்கிய அடிப்படைப் பயிற்சி முதலில். மாலபேயில் சினெக் நிறுவனமோ, மட்டக்குளியில் கடல் பல்கலைக்கழகமோ, எங்கே போனாலும் 'இந்தக் கோர்ஸ் எந்தச் சான்றிதழுக்கு அங்கீகாரம் பெற்றது' என்று எழுத்தில் கேளுங்கள். பணம் கட்ட முதல் கண் பரிசோதனை. நிறக்குருடு இருந்தால் இப்போதே தெரிய வேண்டும், இரண்டு வருடம் கழித்தல்ல.

ஏஜென்ட் விஷயத்தில் நான் கண்டிப்பு. கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று இலட்சக்கணக்கில் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை எடுத்துக் கொடுப்பதற்கு மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது. மருத்துவச் சான்றிதழ், மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு, இவற்றின் செலவுதான் அவனுடையது. ஏஜென்டுக்கு அனுமதிப் பத்திரம் உண்டா என்பதைக் கொழும்பிலுள்ள வணிகக் கப்பல் துறைச் செயலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றை மகனிடம் நீங்களே சொல்லி வையுங்கள். எண்ணெய் கலந்த தண்ணீரைப் பிரிப்பான் வழியாக, பத்து இலட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாமல்தான் கடலில் விடலாம். அது மார்போல் விதி, கப்பல்கள் கடலை மாசுபடுத்தாமல் தடுக்கிற சர்வதேச உடன்படிக்கை. அதைச் சுற்றிக் கள்ளக் குழாய் போடச் சொல்லுகிற மேலதிகாரி எங்கேயாவது இருப்பார். போட்டவன் சிறைக்குப் போன வழக்குகள் இருக்கின்றன. தூக்கத்துக்கும் சட்டம் உண்டு. 24 மணித்தியாலத்துக்குள் குறைந்தது 10 மணித்தியால ஓய்வு அவனுடைய உரிமை. ஓய்வு நேரப் பதிவேட்டில் பொய்க் கையெழுத்துப் போடக் கூடாது.

சனிக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கண் பரிசோதனைத் துண்டும் கையில் இருக்கட்டும். கரண்ட் போகாவிட்டாலும் ஜெனரேட்டரைக் கிளப்பச் சொல்லப் போகிறேன். முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.