அவுட்பாஸில் வந்தவர் மறுபடி குவைத் போகலாமா?

கேள்வி: என் தம்பி காதிம் விசாவில் (வீட்டு வேலையாட்களுக்கான விசா) வீட்டு டிரைவராகக் குவைத் போனான். கபில், அதாவது விசா கொடுத்த முதலாளி, சம்பளம் ஒழுங்காகத் தராததால் வெளியேறி, ஒரு ஹோட்டலில் டெலிவரி வேலை பார்த்தான். சோதனையில் பிடிபட்டு, அவுட்பாஸில் (பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகத் தரும் அவசரச் சான்றிதழ்) ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை லட்சம் கொடுத்தால், புது பாஸ்போர்ட்டில் பெயரைக் கொஞ்சம் மாற்றி மறுபடி அனுப்புவதாக ஏஜென்ட் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பையனும் இப்படி வந்து திரும்பப் போனவன்தான். நம்பிப் பணம் கட்டலாமா?
- வாசகி, பரமக்குடி

பதில்: கட்டாதீர்கள் அம்மா. குவைத்தில் மந்தூப் வேலை, அதாவது கம்பெனிக்காக அரசு ஆபீஸ்களில் காகித வேலை, பார்த்தவன் நான். ஆட்களின் அகாமா (அங்கே தங்குவதற்கான அனுமதி) காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததுதான் என் பிழைப்பு.

அந்தப் பக்கத்து வீட்டுப் பையன், விசா விதியை மீறித் தங்கியவர்களுக்காகக் குவைத்தில் 2024 மார்ச் 17 முதல் ஜூன் 30 வரை நடந்த பொதுமன்னிப்பில் வந்திருப்பான். அப்போது தானாக வெளியேறியவர்களுக்கு அபராதமும் இல்லை, புது விசாவில் திரும்பத் தடையும் இல்லை. உங்கள் தம்பி கதை வேறு. காதிம் விசாவில் இருப்பவர் கபில் வீட்டைத் தவிர வேறெங்கு வேலை செய்தாலும் குற்றம். கோர்ட்டுக்கே போகாமல் உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டு அனுப்பிவிடும், திரும்பி வரத் தடையும் விழும். சம்பளம் தராத கபில் நிம்மதியாக இருக்க, பிடிபடுவது இவன்! இந்த வகைத் தடையை மனு போட்டு நீக்க வழி உண்டு. ஆனால் அதற்கு அங்கே ஒருவர் அலைய வேண்டும். அந்தக் கபில் அலைவாரா?

ஏஜென்ட் பெயரை மாற்றுவார், சரி. விரலை? அனுப்பும்போதே கைரேகை எடுத்துத்தான் அனுப்புகிறார்கள். குவைத் ஏர்போர்ட்டில் விரல் வைத்ததும் பழைய பெயர் வந்து நிற்கும், அடுத்த விமானத்தில் ஊர்தான்.

அதற்கு முன்பே இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில், அவசரச் சான்றிதழில் திரும்பினீர்களா, நாடுகடத்தப்பட்டீர்களா என்று நேராகவே கேட்பார்கள். அவுட்பாஸ் என்பது அந்தச் சான்றிதழ்தான். 'ஆம்' போட்டு, அதன் எண், தேதி, காரணம் எழுதச் சொல்லுங்கள். நகலோ போட்டோவோ இருந்தால் பத்திரமாக வையுங்கள். உண்மையை எழுதினால் விசாரணை கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். மறைத்தால் 1967 பாஸ்போர்ட் சட்டப்படி இரண்டு வருடம் வரை ஜெயில். மாட்டுவது தம்பிதான், ஏஜென்ட் அல்ல.

அப்புறம் அந்த ஒன்றரை லட்சம். பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். இவர் பெயர் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்பது என் ஊகம்.

குவைத் தடை என்பதால் உலகமே மூடிவிடவில்லை. ஆனால் உதாரணத்துக்கு, சிங்கப்பூர் விசா படிவத்திலும் நாடுகடத்தப்பட்டீர்களா என்ற கேள்வி வரும். அங்கேயும் உண்மையைத்தான் எழுத வேண்டும், கிடைப்பதும் கிடைக்காததும் அவர்கள் முடிவு. முதலில் தம்பிக்கு ஒழுங்கான பாஸ்போர்ட் கைக்கு வரட்டும். அதுவரை உள்ளூரில் வண்டி ஓட்டட்டும், லைசென்ஸ்தான் இருக்கிறதே.