பாரதக் கூத்து யூடியூபில் ஏறினால் உரிமை யாருக்கு?

கேள்வி: எங்கள் குழு ஆடிய பாரதக் கூத்தை ஒருவர் விடிய விடிய செல்போனில் எடுத்து, யூடியூபில் விளம்பரத்தோடு போட்டிருக்கிறார். கேட்டால், "பாரதம் யாருக்கும் சொந்தமில்லையே" என்கிறார். எங்களுக்கு உரிமை உண்டா? - வாசகர், பென்னாகரம்

பதில்: உண்டு. பாரதக் கதை பொதுச்சொத்து என்பது சரி. ஆனால் அன்றிரவு நீங்கள் ஆடிய ஆட்டமும், பாடிய பாட்டும், அடித்த மிருதங்கமும் பொதுச்சொத்து அல்ல. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடிகர், பாடகர், வாத்தியக்காரர் தொடங்கி கழைக்கூத்தாடி, பாம்பாட்டி வரை எல்லாருக்கும் தங்கள் நிகழ்ச்சியின் மீது உரிமை தருகிறது. 2012 திருத்தத்தில் சேர்ந்த 38ஏ பிரிவின்படி, ஆட்டத்தைப் படம் பிடிக்கவும் இணையத்தில் ஏற்றவும் உங்கள் அனுமதி வேண்டும். இந்த உரிமை 50 ஆண்டு நிற்கும். எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை.

முதலில் வீடியோவின் முகவரி, போட்ட தேதி, உங்கள் ஆட்டம் வரும் நிமிடங்கள் ஆகியவற்றைக் குறித்து, திரையையும் படமெடுத்து வையுங்கள். பிறகு யூடியூபின் பதிப்புரிமைப் படிவத்தில் புகார் கொடுக்கலாம். உடனே நீக்கச் சொல்லலாம். போட்டவரே எடுத்துவிட 7 நாள் தவணையும் தரலாம். ஊர்க்காரர் என்றால் தவணையே நல்லது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். "கேமரா என்னுடையது, வீடியோவும் என்னுடையது" என்று அவர் எதிர்மனு போட்டால், 10 அமெரிக்க வேலை நாளுக்குள் நீங்கள் வழக்குப் போட்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வந்துவிடும். நம் நாட்டு 2013 பதிப்புரிமை விதிகளில் 75-ம் விதியும் கிட்டத்தட்ட இப்படித்தான்: எழுத்துப் புகார் போன 36 மணி நேரத்தில் தளம் அதை முடக்க வேண்டும், 21 நாளில் நீதிமன்ற ஆணை கொண்டுவராவிட்டால் மறுபடி திறந்துவிடலாம். வழக்குப் போடுவேன் என்ற உறுதிமொழியையும் புகாரிலேயே எழுதித் தர வேண்டும்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ம் பிரிவின்படி, எதிராளி சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் தர்மபுரி மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம். இது பெரிய ஆறுதல். ஆனாலும் ராத்திரி முழுக்க ஆடிவிட்டு வருகிற கலைஞர் 21 நாளில் வக்கீல் பிடித்துத் தடையாணை வாங்குவது நடக்கிற காரியமா? உரிமையைக் கொடுத்த சட்டம், அதை மீட்கும் வழியைப் பணமுள்ளவருக்கு ஏற்றபடி வைத்திருக்கிறது. சின்னத் தொகை வழக்குகளைச் செலவில்லாமல் முடிக்க மாவட்டந்தோறும் ஓர் அமைப்பு வேண்டும். அடுத்த திருத்தத்தில் முதலில் வரவேண்டியது அதுதான்.

அதுவரை, அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு தாளில் எழுதிவிடுங்கள்: யார் படமெடுக்கலாம், எங்கே போடலாம், வருமானத்தில் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை ஒவ்வொரு கலைஞருக்கும் தனித்தனியே இருப்பதால், குழுவை நடத்தும் வாத்தியார் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. எல்லாரும் போட வேண்டும். படத்தில் சேர்க்க எழுத்தில் சம்மதித்துவிட்டால் பிறகு தடுப்பது கடினம், வணிகப் பயன்பாட்டுக்கு உரிய பங்கைத்தான் கேட்கலாம். ஆகவே வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

கேள்வி: காசு கொடுத்து எடுத்த எங்கள் கல்யாண போட்டோவை ஸ்டுடியோக்காரர் விளம்பரத்துக்குப் போடலாமா? - வாசகி, ஓசூர்

பதில்: நீங்கள் சொல்லி, பணம் கொடுத்து எடுத்த போட்டோவுக்கு, பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவின்படி நீங்களே முதல் உரிமையாளர், மாற்றி ஒப்பந்தம் இருந்தால் மட்டும் வேறு. அந்த ஒப்பந்தம் பில்லின் அடியில் பொடி எழுத்தில் இருக்கலாம், முதலில் அதைப் படியுங்கள். இல்லையென்றால் எழுத்தில் கேட்டு நீக்கச் சொல்லுங்கள்.