ஒன்பது ஃபேஜ்களும் வெட்டுப்படவில்லை என்றால் ஒன்பதும் ஒன்றா?

இல்லை, தக்காளி வாடல் நோயை உண்டாக்கும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாவிலிருந்து நீங்கள் பிரித்த ஒன்பது ஃபேஜ்களின் (பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்கள்) டி.என்.ஏ.வையும், டி.என்.ஏ.வைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் எக்கோ ஆர் 1, ஹிண்ட் 3 ஆகிய இரு நொதிகளும் வெட்டவில்லை என்பதை வைத்து, அவை ஒரே வகை என்று முடிவுகட்ட இயலாது.

பிளேக்குகள் (பாக்டீரியாப் படலத்தில் ஃபேஜ் உண்டாக்கும் புள்ளிகள்) சிறியதாகவும் கலங்கலாகவும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுவே முக்கியமான துப்பாகப் படுகிறது. அவை இழை வடிவ ஃபேஜ்களாக இருக்கக்கூடும். அவற்றின் துகளுக்குள் இருப்பது ஒற்றையிழை டி.என்.ஏ. என்பதால், ஈரிழையை வெட்டும் நொதிகள் பொதுவாக அதில் வேலை செய்வதில்லை. ஜப்பானில் விவரிக்கப்பட்ட ஆர்.எஸ்.எஸ். 1 (சுமார் 6,600 நியூக்ளியோடைடுகள்), ஆர்.எஸ்.எம். 1 (சுமார் 9,000) ஆகிய ரால்ஸ்டோனியா ஃபேஜ்கள் இவ்வகையைச் சேர்ந்தவையே.

1. ஃபேஜ் கரைசலின் ஒரு பகுதியைக் குளோரோஃபார்முடன் குலுக்கி, மீண்டும் பிளேக் எண்ணுங்கள். எண்ணிக்கை வெகுவாகச் சரிந்தால், அவை இழை வடிவ ஃபேஜ்கள் என்ற ஐயம் வலுப்படும்.

2. டி.என்.ஏ.வை, முக்கியமாக ஒற்றையிழையைச் சிதைக்கும் நொதியான எஸ் 1 நியூக்ளியேஸில் வையுங்கள். ஒற்றையிழையானால் ஜெல்லில் தெரியும் டி.என்.ஏ. பட்டை மறையும்.

3. மறைந்தால், தொற்றிய பாக்டீரியாவிலிருந்து, பிளாஸ்மிட் (பாக்டீரியாவிலுள்ள சிறு வட்ட டி.என்.ஏ.) பிரிக்கும் அதே முறையில், பெருகும் நிலையிலுள்ள ஈரிழை வடிவத்தைப் பிரித்து அதை வெட்டுங்கள். ஃபேஜ்களுக்கிடையிலான வேறுபாட்டை, இருந்தால், அங்கேதான் தேட வேண்டும்.

பட்டை மறையாவிட்டால், வேதிமாற்றம் பெற்ற காரங்களைக் (டி.என்.ஏ.வின் 'எழுத்துகள்') கொண்ட ஈரிழை ஃபேஜ்களும் இந்த நொதிகளுக்கு இணங்காதிருக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அப்போது டி.என்.ஏ.வை வரிசைப்படுத்துவதே (அதன் எழுத்து வரிசையைப் படிப்பதே) வழி.

இவற்றை நோய்க் கட்டுப்பாட்டுக்கு எண்ணியிருந்தால், செடியில் சோதிக்காமல் வயலுக்குக் கொண்டுபோக வேண்டாம். ஆர்.எஸ்.எஸ். 1 தொற்றிய ரால்ஸ்டோனியா தக்காளியில் முன்னிலும் வீரியமாக நோயை உண்டாக்கியது பதிவாகியுள்ளது.