இறந்தவர் பெயரில் வரும் முதியோர் உதவித்தொகையை வீட்டார் எடுத்தால் என்ன தண்டனை?

தகுதியில்லை என்று தெரிந்தே, பொய் சொல்லியோ உண்மையை மறைத்தோ அரசுப் பணத்தை வாங்குவதுதான் நலத்திட்ட மோசடி. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ஆச்சி இறந்த பிறகும், அவர் ஏடிஎம் கார்டைப் போட்டுப் பேரன் மாதாமாதம் பணம் எடுப்பது இந்த ரகம்.

தாலுகா ஆபீசுக்குத் தெரிந்தால் உதவித்தொகை நிற்கும். அப்புறம் எடுத்ததைத் திரும்பக் கட்டச் சொல்வார்கள். ஏமாற்று வழக்கானால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318(4) பிரிவில் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

சின்னத் தொகைக்கு இவ்வளவா? ஒதுக்கிய பணம் அளவானது. தாமிரபரணி வாய்க்காலில் மேல்மடைக்காரர் முறை தாண்டிப் பாய்ச்சினால் கடைமடை வயல் காயும் அல்லவா, அதே கதைதான்.

பணத்தைக் கட்டிவிட்டால் வழக்கு வராது என்று பலர் நினைக்கிறார்கள்; கட்டினாலும் வரலாம். ஆனால் தெரியாமல் கணக்கில் விழுந்ததை நாமே போய்ச் சொன்னால் அது மோசடி ஆகாது.