மண்டேலா ஒரே தவணையோடு விலகியது சரியா?

மக்கள் இவ்வளவு நேசித்த தலைவர் ஏன் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டப்படி மண்டேலா இன்னொரு தவணை இருந்திருக்கலாம், ஆனால் 1994-ல் அதிபரானவர் 1999-ல் தானாகவே விலகினார், நான் அவரை அதிகம் மதிப்பது இதற்காகத்தான். வாரிசுப் பிரச்சினையையும் கடைசி நிமிடத்துக்குத் தள்ளவில்லை. 1997-லேயே கட்சித் தலைமையை இம்பெக்கியிடம் ஒப்படைத்தார், அப்போது துணை அதிபராக இருந்த இம்பெக்கிதான் அன்றாட நிர்வாகத்தில் பெரும்பகுதியைப் பார்த்துவந்தார்.

சரி, அப்படி மண்டேலாவுக்குப் பின் அதிபராக வந்த இம்பெக்கி நன்றாக ஆண்டாரா? பொருளாதாரம் வளர்ந்தது, ஆனால் எய்ட்ஸ் மருந்துகளைத் தாமதப்படுத்திய அவருடைய கொள்கைக்குப் பல உயிர்கள் பலியாயின, அதை மன்னிக்கவே முடியாது. 2008-ல் சொந்தக் கட்சியே கேட்டுக்கொண்டதால் பதவி விலகினார். ஆனாலும் அந்த மாற்றமும் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டே, அமைதியாக நடந்தது.