அட்டையில் இல்லாத வசனங்கள்

கேள்வி: என் கணவருக்குக் கட்டாரில் வேலை போய், வீட்டோடு வந்து ஆறு மாதமாகிறது. மூத்தவள் உயர்தரம் படிக்கிறாள். புதுவருட ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. கர்த்தர் நல்ல முடிவு தருவார் என்று அதையே பிடித்துக்கொண்டு இருக்கிறேன். களுவாஞ்சிகுடியில் தையல்கடை வைத்திருக்கிற மச்சாள் வேலைக்குக் கூப்பிடுகிறா. போனால் விசுவாசக் குறைவு ஆகிவிடுமா?
– ஒரு வாசகி, பெரியகல்லாறு

பதில்: நாளைக்கே போங்கள் தங்கச்சி. உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். எனக்கு வழக்கு அந்த அட்டையோடு.

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது தட்டை நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். ஒரு ரோசாப்பூ, பின்னால் சூரிய உதயம், நடுவில் ஒரு வசனம். பிறகு அது பைபிளுக்குள் போகும், அல்லது ஆட்டோவின் முன்கண்ணாடியில் ஏறும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், யோபின் புலம்பல் வந்த அட்டை ஒன்றையும் காணவில்லை. உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று இயேசு சொன்னாரே, அதுவும் அவர் வாயால் வந்த வாக்குத்தானே? அதை ஏன் ஒருவரும் அச்சடிக்கிறதில்லை? இதை இந்தப் பக்கத்தில் முன்பும் கேட்டு, சபைக்காரர் சிலரிடம் நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். இன்னும் கேட்பேன்.

உங்கள் 29:11 ஒரு கடிதத்தின் நடுவில் வருகிற வரி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போன சனத்துக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒரு பொய்த் தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருடத்தில் எல்லாரும் ஊர் திரும்பலாம் என்று ஆலயத்தில் சனத்துக்கு முன்னால் நின்று சொல்கிறான். எரேமியா சொன்ன கணக்கு 70 வருடம். கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் மண்ணை இனி மிதிக்கப் போவதில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் எழுதின முதல் காரியம் என்ன? வீடு கட்டுங்கள். தோட்டம் வையுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள். இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடுங்கள். இவ்வளவும் சொல்லி முடித்த பிறகுதான் 11ஆம் வசனம். மேலே உள்ள ஐந்தாறு வசனத்தையும் வெட்டி எறிந்துவிட்டு, கடைசி இனிப்பை மட்டும் உங்கள் கையில் தந்திருக்கிறார்கள்.

அனனியா செத்தான், அவன் பரம்பரை சாகவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, மட்டக்களப்பு நாவலடிச் சனம் கூடாரங்களில் இருந்த காலத்தில், ஒரு ஊழியக்காரர் மைக்கோடு வந்து இறங்கினார். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த ஒரு தாய், ரொட்டிக்கு மாப் பிசைந்த கையோடு எழும்பி நின்று, எனக்கு ஏன் இப்படி நடந்தது என்று கேட்டாள். விசுவாசம் பூரணமாக இருந்திருந்தால் கடல் உன் வாசலுக்கு வந்திருக்காது என்றார் அந்த மனிதர். நான் பக்கத்தில் நின்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. விரலில் ஒட்டியிருந்த மாவை ஒவ்வொன்றாக வழித்துச் சட்டிக்குள் போட்டுவிட்டுத் திரும்பக் குந்தினாள். பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளும் பசியோடு காத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த முகாமில் விசுவாசம் யாரிடம் இருந்தது என்று என்னைக் கேட்டால், மைக் பிடித்தவரைச் சொல்லமாட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்த பிள்ளைகள் செத்தார்கள். அந்தப் பெற்றோரிடமும் போய்க் காரணம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். செத்த வீட்டுக்குப் போனால் கூட இருங்கள், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள்.

நம்மூர்ச் சங்கதி ஒன்று. 1813 டிசம்பர் கடைசியில் மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக்குக் கப்பலேறினார்கள். தலைவர் தோமஸ் கோக் வழியிலேயே இறந்தார். வில்லியம் ஓல்ட்டின் மனைவியும் அந்தப் பயணத்திலேயே போய்விட்டார். ஓல்ட் தனி ஆளாக மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தார். பாஷை தெரியாது, சொந்தபந்தம் கிடையாது. ஒரு வருடம் முடியமுன் 1815இல் இங்கேயே அவரும் இறந்தார். வந்து இறங்கினவர் துக்கம் காத்துக்கொண்டு மூலையில் கிடக்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் தன் வயதை 1814இல் இருந்துதான் எண்ணுகிறது. எரேமியா சொன்ன தோட்டம் இதுதான். கனியைச் சாப்பிட ஓல்ட் இருக்கவில்லை. மெதடிஸ்தக்காரர் மட்டுமா, சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

ஆகவே உங்கள் மச்சாள் வந்து கூப்பிட்டதை ஏன் சோதனை என்று நினைக்கிறீர்கள்? ஆறு மாதமாக நீங்கள் முழங்காலில் நின்று கேட்டதற்கு அவவின் வாயால் பதில் வந்திருக்கலாம் அல்லவா? கணவரையும் வீட்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள். வெளிநாட்டால் வந்த மனிசனுக்கு ஊர்க் கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருக்கும், அதை நான் அறிவேன். அவருக்குத் தெரிந்த தொழில் என்ன என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் சபையில் நாலு பேரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். உங்கள் கஷ்டம் தெரியாமல் சபை எப்படித் தாங்கும்? மாதர் சங்கத்தில் பிடியரிசி சேர்த்த தாய்மார் இருந்த மண் இது. உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியை யாருக்கோ என்று எடுத்து வைத்தார்கள். அதை வாங்கிக்கொள்வதிலும் வெட்கம் இல்லை.

அட்டையை எறிய வேண்டாம், வைத்திருங்கள். போதகரிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: வருகிற ஞாயிறு எரேமியா 29ஐ முதலிலிருந்து கடைசிவரை சபையில் வாசிக்கட்டும். மொத்தம் 32 வசனம்தான், பத்து நிமிடம் பிடிக்காது. மாட்டேன் என்றால் எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கத்திலேயே முழுவதையும் போடுகிறேன்.