கைராசியும் வெறும் மாத்திரையும்: டாக்டர் பதில்கள்

எங்கள் தெரு டாக்டர் கைராசிக்காரர். நாடி பிடித்துப் பார்த்து, "ஒன்றுமில்லை, போய் வாங்க" என்றாலே தலைவலி பாதி குறைந்துவிடும். மாத்திரையைப் பிரிப்பதுகூட இல்லை. மகன் 'எல்லாம் பிரமை' என்கிறான்.
- வாசகி, அம்பத்தூர்

பிரமை இல்லை அம்மா. வலி குறையப்போகிறது என்று நம்பும்போது, வலியடக்கும் மருந்தான மார்ஃபினைப் போல வேலை செய்யும் எண்டார்ஃபினை மூளை தானே சுரக்கிறது. 1978-இல் அமெரிக்காவில் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் இதைச் சோதித்தார்கள். மருந்தே இல்லாத பிளாசிபோவில் வலி குறைந்தவர்களுக்கு, மார்ஃபினைத் தடுக்கும் நாலக்சோனைக் கொடுத்ததும் வலி திரும்ப ஏறியது. வெறும் பிரமை என்றால் நாலக்சோன் எதைத் தடுத்தது? மகனிடமே கேளுங்கள். ஆனால் வாந்தி, பார்வை மங்கல் என்று தலைவலி வந்தால் கைராசியை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்.

அம்மாவுக்கு ஊசி போட்டால்தான் திருப்தி. என்ன செய்வது?
- வாசகர், பெரம்பூர்

மருந்தில்லாத வெறும் மாத்திரையைவிட மருந்தில்லாத வெறும் ஊசிக்குப் பலன் அதிகம் என்று சில ஆய்வுகளிலேயே இருக்கிறது, அம்மாவைக் குறை சொல்ல முடியாது. அதற்காகச் சாதாரண சளிக்கு ஊசி வேண்டாம். குத்திய இடத்தில் சீழ் கட்டலாம். டாக்டர் நின்று நிதானமாக நாலு வார்த்தை பேசினாலும் அதே தெம்பு வரும். டோக்கன் அறுபதைத் தாண்டும் மாலையில் அதுதான் கிடைப்பதில்லை!

கொலஸ்ட்ரால் மாத்திரை போட்டாலே கால் வலிக்கிறது. நிறுத்திவிடலாமா?
- வாசகர், வேளச்சேரி

நீங்களாக நிறுத்தாதீர்கள். இப்படி ஸ்டாடின் என்கிற கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திய 60 பேரிடம் லண்டனில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020-இல் வந்தது. சில மாதம் ஸ்டாடின், சில மாதம் வெறும் மாத்திரை, சில மாதம் எதுவுமே இல்லை. ஸ்டாடினில் வந்த தொல்லையில் சுமார் 90 சதவீதம் வெறும் மாத்திரையிலும் வந்தது. பயந்துகொண்டே விழுங்கினால் உடம்பும் அப்படியே பேசும். இதை நொசிபோ என்கிறோம். வலி நிஜம், காரணம்தான் வேறு. சிறுநீர் கருத்துப் போனாலோ, தசை பலவீனமானாலோ அது வேறு விஷயம். உடனே டாக்டரைப் பாருங்கள்.

போகிப் புகையில் மூச்சு இளைக்கிறது. மந்திரித்துக் கயிறு கட்டியதும் லேசாகிறது. இன்ஹேலர் அவசியமா?
- வாசகி, வியாசர்பாடி

அவசியம். 2011-இல் வெளிவந்த ஓர் ஆஸ்துமா ஆய்வைச் சொல்கிறேன். நிஜ இன்ஹேலர் எடுத்தவர்களும் போலி இன்ஹேலர் எடுத்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு 'தேவலை' என்றார்கள். மூச்சை ஊதவைத்து அளந்தபோது, நிஜ மருந்தில் 20 சதவீதம் முன்னேற்றம், போலியில் 7 சதவீதம்தான். அதாவது மனசு லேசானாலும் மூச்சுக்குழாய் சுருங்கியே கிடக்கும். எனக்குப் பயமே இந்த 'தேவலை'யைப் பார்த்துத்தான், ஆஸ்பத்திரிக்கு வரவேண்டிய நேரத்தை அது தள்ளிப்போட்டுவிடும். கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். போகிக்கு முந்தின நாளே இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று பாருங்கள், விடியற்காலையில் ஜன்னலைச் சாத்தி வையுங்கள். மருந்து எடுத்தும் பேச்சு திக்கித் திணறினால் 108-க்கு போன் போடுங்கள்.